பாலிமர் பிஸ்டல் எத்தனை வருஷம் தாங்கும்? சேலத்து ரேஞ்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பது ஒன்று, கூட்டி வரும் பெற்றோர் கேட்பது வேறொன்று. பிள்ளைக்கு டிரிகர் எப்படி இருக்கிறது என்பதுதான் கவலை. அப்பாவுக்கோ, "ஏனுங்க, இத்தனை காசு போட்டு வாங்குறோம், பாதி பிளாஸ்டிக்கா இருக்குதே?" என்ற கவலை. ரேஞ்சில் சாமான்களைக் கழற்றி மாட்டும் வேலை என்னுடையது என்பதால் இரண்டு கவலையும் என் மேசைக்குத்தான் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

சாதா பிளாஸ்டிக்தானே? அதற்கு ஏன் பாலிமர் என்று பெரிய பெயர்?

குடம், பக்கெட் செய்கிற பிளாஸ்டிக் இல்லை. பெரும்பாலும் நைலான் வகை, அதற்குள் பொடியாக நறுக்கிய கண்ணாடி இழை கலந்திருக்கும். இழைதான் விறைப்பைத் தருகிறது, நைலான் அடியை வாங்கிக்கொள்கிறது. இது புதுச் சரக்கும் இல்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1970-லேயே விபி70 என்ற பாலிமர் பிஸ்டலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பெரிதாக எடுபடவில்லை. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17 என்ற பாலிமர் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பியது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் பல இன்றும் சுடுகின்றன. நாற்பது வருஷம் தாண்டிய சாட்சி கையில் இருக்கும்போது "தாங்குமா?" என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று. பாலிமர் பிஸ்டல் என்றால் முழுக்கப் பாலிமர் இல்லை. கைப்பிடியும் ஃபிரேமும் (மற்ற பாகங்களைத் தாங்கும் கீழ் உடல்) மட்டும்தான் அது. குழல், ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல் பாகம்), ஸ்லைடு ஓடுகிற தண்டவாளம் எல்லாம் எஃகு. வார்க்கும்போதே எஃகுத் துண்டுகளை ஃபிரேமுக்குள் பதித்துவிடுகிறார்கள். ஆகவே உலோகத்தின் மேல்தான் உலோகம் உரசுகிறது, பிளாஸ்டிக் மேல் இல்லை.

அப்படியென்றால் ஒலிம்பிக்கில் ஏன் யாரும் கிளாக்கோடு நிற்பதில்லை?

உழைக்காது என்பதற்காக இல்லை. ஆட்டமே வேறு.

ஒலிம்பிக் பாணிப் போட்டியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஒன்று, 25 மீட்டரில் .22 (0.22 அங்குலக் குழல்) பிஸ்டல் இன்னொன்று. ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், .22-க்கு 1000 கிராம். அந்த வரம்பை ஒட்டி, கண்ணாடி முறிவது போல் சுத்தமாக விடுபடும் டிரிகர் வேண்டும். ராணுவத்துக்கும் போலீசுக்கும் செய்த பாலிமர் பிஸ்டலில் அது கிடைக்காது. எடையும் ஒரு காரணம். குண்டில்லாத கிளாக் 17 மேகசின் (குண்டு அடுக்கும் கூடு) நீங்கலாக 630 கிராம் அளவுதான். 25 மீட்டர் பிஸ்டல் 1400 கிராம் வரை இருக்கலாம் என்கிறது விதி. ரேபிட் ஃபயர் என்ற 25 மீட்டர் போட்டியில் 4 நொடிக்குள் 5 இலக்கில் 5 குண்டு போட வேண்டும். அங்கே கையில் கனம் இருந்தால்தான் முனை துள்ளாது. அதனால் அங்கே உலோக உடலும் வால்நட் மரக் கைப்பிடியும்தான் ராஜா.

பாலிமர் புழங்குவது ஐ.பி.எஸ்.சி. போன்ற ஓடிச் சுடும் போட்டிகளில். அங்கேயும் போட்டிக்கென்றே செய்த கனமான எஃகு ஃபிரேம்கள் வந்து இடத்தைப் பிடித்திருக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே புழங்கும் 9 எம்.எம். பிஸ்டல் கைக்கு எட்டாது. சாதாரண லைசென்ஸில் அது தடை செய்யப்பட்ட போர் (குழல் அளவு). ஆகவே இங்கே பாலிமர் என்று பேசினால் பாலிமர் ஃபிரேம் போட்ட .22 பயிற்சி பிஸ்டல்கள், ஏர் பிஸ்டலில் உள்ள பாலிமர் கைப்பிடி, உறை, சைட் பாகங்கள், இப்போது பலர் 3டி பிரிண்டரில் அச்சிட்டு வாங்கும் நைலான் கைப்பிடிகள், இவ்வளவுதான்.

சரி, நேராகச் சொல்லுங்கள். எத்தனை ஆயிரம் குண்டு?

ஃபிரேமுக்கு எண் சொல்வது வீண். அதற்கு முன்னால் வேறு பல பாகங்கள் வரிசையில் நிற்கின்றன.

முதலில் போவது ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங். 9 எம்.எம். பாலிமர் பிஸ்டலில் போட்டிக்காரர்கள் ஏறத்தாழ 5,000 குண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். மலிவான சாமான். மாற்றாமல் இழுத்தால், சோர்ந்த ஸ்பிரிங்கால் ஸ்லைடைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் அடி நேராக ஃபிரேமில் விழும். "ஃபிரேம் உடைஞ்சுபோச்சு" என்று வரும் கேஸ்களில் முக்கால்வாசி ஸ்பிரிங்கைக் கவனிக்காததன் கடைசிக் கட்டம் என்பது என் எண்ணம்.

அடுத்தது மேகசின். அதன் வாய் விரிந்துவிட்டால் குண்டு ஏறாது. தொடர்ந்து பாரம் இருந்தால் பாலிமர் மெல்ல மெல்ல இளகும், ஒரேயடியாக இல்லை, மாதக் கணக்கில். அதனால் பாலிமர் மேகசினை நிரப்பியபடியே பெட்டியில் வைக்கக் கூடாது. ஃபிரேமைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர் யாரும் மேகசின் வாயைப் பார்ப்பதில்லை.

பிறகு பின்கள், எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி), ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி). .22 குழல் கடைசியில். ஈயக் குண்டு, குறைந்த அழுத்தம். முறையாகத் துடைத்து வந்தால் ஒரு பிள்ளையின் போட்டி வாழ்க்கையே முடிந்துவிடும், குழல் முடியாது.

2001, 2002 வாக்கில் தயாரான கிளாக் ஃபிரேம்களில் ஒரு பகுதியில் சிக்கல் வந்தது. முறிந்தது பாலிமர் இல்லை, அதில் பதித்திருந்த பின்பக்க எஃகுத் தண்டவாளம். நிறுவனமே ஃபிரேமை மாற்றிக் கொடுத்தது. பாலிமரைப் பழிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் எடுத்துக்காட்டு இதுதான்.

இரண்டாவது, எல்லோருக்கும் தெரிந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி இடத்தை விட்டு வெளியே போக வேண்டி வந்தது. போட்டி நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து அவசர அவசரமாகச் சுட்டும் 575 எடுத்தார். 2 புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. அவ்வளவு விலையுள்ள பிஸ்டலை நிறுத்தியது பெரிய பாகம் எதுவும் இல்லை, ஒரு லீவர். அவரே 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார், அது தனிக் கதை.

என் பெண் தினமும் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். ஒரு வருஷத்துக்கு எவ்வளவு தேயும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 80 பெல்லட் (ஏர் பிஸ்டல் குண்டு), வாரத்தில் 5 நாள் என்றால் வருஷத்துக்கு 20,000-க்குக் கொஞ்சம் மேல் வரும். நல்ல ஏர் பிஸ்டலுக்கு இது பெரிய சுமை இல்லை. உள்ளே காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்குத்தான் சுமை. அவை சுட்டாலும் கெடும், சுடாமல் வைத்தாலும் காய்ந்து கெடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுத்து எல்லா ஓ-ரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் டிரிகர் என்றால் பேட்டரியைப் போட்டிக்கு முந்தின வாரமே மாற்றிவிட வேண்டும். போட்டி நாள் காலையில் புதிது போட்டு, அது சரியாக உட்கார்ந்ததா என்று தெரியாமல் லைனில் நிற்பது வேண்டாத வேலை.

சேலம் வெயிலில் காருக்குள் வைத்தால் ஃபிரேம் வளைந்துவிடுமா?

வளையாது. நைலான் 66 என்ற வகை உருகுவது 260 டிகிரி செல்சியஸ் பக்கத்தில். சித்திரை மாதம் ஐந்து ரோட்டில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள்ளே 60, 65 டிகிரி போகும். கையால் தொட முடியாது, ஆனால் ஃபிரேமுக்கு அது ஒன்றும் செய்யாது.

பயப்பட வேண்டியது சிலிண்டருக்கு. ஏர் பிஸ்டல் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) காற்று இருக்கிறது. 25 டிகிரியில் நிரப்பியதை 65 டிகிரியில் விட்டால் அழுத்தம் 227 பார் அளவுக்கு ஏறும். புது சிலிண்டருக்கு அந்தத் தாங்குதிறன் இருக்கும்தான். ஆனால் தினமும் அப்படி ஏற்றி இறக்கி, கூடவே ஓ-ரிங்கையும் வேகவைத்து, கிரீஸையும் இளக்கி எதற்கு? உரிமம் தேவைப்படும் துப்பாக்கி என்றால் பேச்சே இல்லை, காரில் விட்டுப் போகவே கூடாது. ஏர் பிஸ்டலானாலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போங்கள்.

ஏற்காட்டுக்கு எடுத்துப் போனதும் சிலிண்டர் முள் இறங்கிவிட்டது. கசிவா?

மலை மேல் விடுதிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறை முடிந்து போனதும் தவறாமல் வரும் போன் இது. "அண்ணா, நேத்துதான் 200 புடிச்சோம், இன்னைக்கு 187 காட்டுது!"

கசிவு இல்லை, குளிர். கீழே 36 டிகிரியில் 200 பார் பிடித்த சிலிண்டர், மேலே 16 டிகிரிக்கு வந்தால் 187-தான் காட்டும். காற்று எங்கும் போகவில்லை, குளிரில் அதன் அழுத்தம்தான் இறங்கியிருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடிக்கிற நேரத்துக்குள் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் சாதாரணம். வேகமாக நிரப்பினாலும் இதே கதைதான். நிரப்பும்போது காற்று சூடாகும், ஆறியதும் முள் இறங்கும்.

உண்மையில் கசிகிறதா என்று பார்க்க ஒரே அறையில், ஒரே நேரத்தில், இரண்டு நாள் காலையில் முள்ளைப் பார்த்து எழுதுங்கள். அதே குளிரில் இறங்கியிருந்தால் கசிவு. காற்றை ஒரே அழுத்தத்தில் விடும் ரெகுலேட்டர் இருப்பதால் சிலிண்டரில் 187 இருந்தாலும் 120 இருந்தாலும் பெல்லட் வேகம் மாறாது, நொடிக்கு 150 மீட்டர் பக்கத்திலேயே நிற்கும். மலைக் காற்று லேசு என்பதால் குறி மாறுமா என்றும் கேட்பார்கள். 10 மீட்டருக்குள் அது உங்கள் கை நடுக்கத்தில் காணாமல் போய்விடும்.

மூடுபனி பாலிமரைப் பாதிக்குமா?

நைலான் ஈரத்தைக் குடிக்கும். முழுக்க நனைந்த நைலான் 66 தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உள்வாங்கும். சாதாரணக் காற்றில் இரண்டரை சதவீதம் அளவில் நிற்கும். கண்ணாடி இழை கலந்ததில் இன்னும் குறையும். இது கெடுதல் என்று நினைப்பார்கள். அப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: காய்ந்தது ஒடியும், நமுத்தது வளையும். ஈரம் ஏறிய நைலானுக்கு விறைப்பு கொஞ்சம் குறைந்து, அடி தாங்கும் குணம் கூடும். ஃபிரேம் வடிவமைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் செய்கிறார்கள்.

பனியால் அடிபடுவது எஃகு. ஏற்காட்டில் மழைக்காலத்தில் பஞ்சுத் திணிப்புள்ள பெட்டியில் பூட்டி வைத்த பிஸ்டலைத் திறந்து பாருங்கள். ஸ்பாஞ்ச் தொட்ட இடத்தில் மட்டும் செம்மண் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் துரு, அதே பிஸ்டலின் பாலிமர் பக்கம் புதுசு போலக் கிடக்கும். ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு எஃகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டி பயணத்துக்கு மட்டும். அறையில் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். மரக் கைப்பிடியும் பனியில் உப்பும். உள்ளங்கைக்குச் சரியாகச் செதுக்கியது ஒரு நூல் மாறினாலும் பிள்ளை "கிரிப் சரியில்லை" என்று சொல்லும். சாக்கு இல்லை, உண்மையாகவே சொல்கிறது.

கைப்பம்பில் காற்று அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பனிக்குள் நின்று அடித்தால் அந்த ஈரமும் சிலிண்டருக்குள் போகும், ரெகுலேட்டரைத் துருப்பிடிக்க வைக்கும். ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் உள்ள பம்பு வேண்டும், அதில் இருக்கும் குருணையை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும்.

தேங்காய் எண்ணெய் போடலாமா? பாட்டி தையல் மிஷினுக்குப் போடுவாங்க.

வேண்டாம். சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். சேலத்தில் எண்ணெய், ஏற்காட்டில் மெழுகு. டிரிகருக்குள் உறைந்தால் தினம் ஒரு எடை காட்டும். நாளாக ஆகப் பிசினாகவும் மாறும். உலோகப் பாகத்துக்குத் துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு. சிலிண்டர் திருகுக்கும் ஓ-ரிங்குக்கும் சிலிகான் கிரீஸ் மட்டும். உயர் அழுத்தக் காற்று இருக்கும் இடத்தில் பெட்ரோலிய எண்ணெய் போட்டால் தீப்பிடிக்கும் அபாயமே உண்டு.

மாக்னசைட் சுரங்கப் பக்கம் குடியிருப்பவர்கள் எண்ணெயை இன்னும் கம்மியாகப் போடுங்கள். அந்த வெள்ளைத் தூசி எண்ணெயில் ஒட்டிப் பசை ஆகிவிடும்.

பெட்ரோல், தின்னர் ஊற்றித் துடைக்கலாமா?

நைலான் ஃபிரேமுக்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய் ஒன்றும் செய்யாது. ஆனால் சைட், டிஸ்ப்ளே மூடி போன்றவை வேறு பிளாஸ்டிக்காக இருக்கலாம். தின்னர் பட்டால் வெளுத்து விரிசல் விடும். ஈரத்துணியும் லேசான சோப்பும் போதும்.

எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. அங்கேயே பிஸ்டலை வைக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டைப் பக்கமிருந்து வரும் குடும்பங்கள் கேட்பது. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வைக்கக் கூடாது. நைலானுக்கு நிஜமான எதிரி ஆசிட். வெயிலும் பனியும் வருஷக் கணக்கில் செய்ய முடியாததை நைட்ரிக் ஆசிட் கொஞ்ச நேரத்தில் செய்துவிடும். மேலே சிந்த வேண்டும் என்றுகூட இல்லை. வெள்ளி வேலை நடக்கும் அறையின் ஆவி எஃகுப் பாகங்களில் ஏறித் துருவை விரட்டி விரட்டி வளர்க்கும். மாடி அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள். ஆசிட் புழங்கிய கையைக் கழுவாமல் கைப்பிடியைத் தொடவும் வேண்டாம்.

ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் பாலிமர் பிஸ்டல் தெரியாதாமே?

தெரியும். எடையில் பெரும்பகுதி எஃகு. எண்பதுகளில் கிளம்பிய புரளி, இன்னும் ஓயவில்லை. போட்டிக்கு விமானத்தில் போகிறவர்கள் சிலிண்டரைக் காலி செய்து, கடிதங்களோடு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

4.5 மி.மீ. போருக்குள்ளும் 20 ஜூல் ஆற்றலுக்குள்ளும் இருந்தால் வேண்டாம். போட்டி ஏர் பிஸ்டல் அந்த ஆற்றலுக்கு ரொம்பக் கீழேதான் நிற்கும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

குண்டில்லாமல் டிரிகரை அழுத்திப் பழகினால் தேயுமா?

ஏர் பிஸ்டலில் அதற்கென்றே தனி நிலை இருக்கிறது, பயமில்லை. .22-இல் கவனம். ஃபயரிங் பின் வெற்று அறையின் விளிம்பில் போய் அடிக்கும் மாடல்கள் உண்டு. அடி பட்ட இடத்தில் சின்னப் பள்ளம் விழும், பிறகு சுட்ட தோட்டாவின் கூடு மாட்டிக்கொள்ளும். டம்மி தோட்டா போட்டுப் பழகுங்கள்.

ஃபிரேமில் ஒரு கோடு தெரிகிறது. விரிசலா?

பத்தில் ஒன்பது தடவை அச்சுக் கோடுதான். வார்ப்பின் இரண்டு பாதி சேர்ந்த இடம் நேராக, இரு பக்கமும் ஒரே மாதிரி ஓடும். விரிசல் அப்படி இருக்காது. ஒரு மூலையிலோ பின் துளையிலோ பிறந்து, கோணலாகப் போய், திடீரென்று நின்றுவிடும். ஓரத்தில் வெளிறிய சாயல் இருக்கும். அழுத்தம் தாங்காமல் நைலான் வெளுப்பது அது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத கோடு சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக எழும்பும். நகத்தால் குறுக்கே இழுங்கள். அச்சுக் கோடு மேடாகத் தட்டுப்படும், விரிசலில் நகம் லேசாக மாட்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பின் துளைகளைச் சுற்றி, எஃகுத் துண்டு பாலிமருக்குள் இறங்கும் விளிம்பு, திருகு இறுக்கும் இடம். கடைசியாகச் சொன்னதில் குற்றம் துப்பாக்கியுடையதே இல்லை, கைவலுவைக் காட்டி இறுக்கிய ஆளுடையது.

விரிசல் உறுதி என்றால் சுடுவதை நிறுத்துங்கள். ஃபெவிக்விக், ஆரல்டைட் எதுவும் வேண்டாம். நைலானில் பசை சரியாக ஒட்டாது, ஒட்டியது போல் இருப்பதுதான் ஆபத்து. கைப்பிடி என்றால் புதிது அச்சிட்டுக்கொள்ளலாம். ஃபிரேம் என்றால் தயாரித்தவர்களிடம்தான் போக வேண்டும். லைசென்ஸ் துப்பாக்கியில் எண் பதித்த பாகம் என்றால் உரிமம் தரும் அலுவலகத்துக்கும் தெரியாமல் மாற்ற முடியாது.

எட்டு வருஷப் பழைய ஏர் பிஸ்டல் சல்லிசாக வருகிறது. வாங்கலாமா?

பிஸ்டலை அப்புறம் பாருங்கள், முதலில் சிலிண்டரைக் கையில் எடுங்கள். அதன் மேல் தயாரித்த தேதி பொறித்திருக்கும். போட்டி ஏர் பிஸ்டல் சிலிண்டருக்குப் பத்து வருஷம்தான் ஆயுள், அந்தத் தேதியிலிருந்து. தாண்டியதை வைத்துக்கொண்டு வந்தால் போட்டியில் உபகரணச் சோதனையிலேயே திருப்பி அனுப்புவார்கள். அது பார்க்கப் பளபளவென்று இருக்கலாம், ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், தேதி தேதிதான். எட்டு வருஷம் ஆனது என்றால் இன்னும் இரண்டு வருஷத்தில் புது சிலிண்டர் வாங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டு சிலிண்டர். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமான், மாதக் கணக்கில் காத்திருப்பு வேறு. அந்த விலையையும் ஒரு முழு சர்வீஸ் செலவையும் விற்கிறவர் சொல்லும் தொகையோடு கூட்டுங்கள். கூட்டியதற்கு அப்புறமும் புதியதில் பாதி விலைக்குள் நின்றால் வாங்குங்கள். இல்லையென்றால் சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு தரச் சொல்லிப் பேசுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள், அவர்களுக்கும் அந்தத் தேதி தெரியும்.